பிடித்தவன் விட வேண்டும்

போடிநாயக்கனூரோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலைதான். மதுரையிலிருந்து 1928ல் மீட்டர் கேஜ் பாதை இங்கே வந்து சேர்ந்தது. மலையிலிருந்து இறங்கிய ஏலக்காயும் காப்பியும் தேயிலையும் இந்த ஸ்டேஷனில்தான் ரயில் ஏறின. அகலப் பாதை போடுவதற்காக 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஊர் காத்துக் கிடந்தது. 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் போடியில் இறங்கலாம் என்ற வசதியும் அன்றிலிருந்துதான். தேனி தாண்டியதும் ஜன்னலில் மலை வளர ஆரம்பிக்கிறது. படுத்திருப்பவர்களை எழுப்பிக் காட்ட வேண்டிய காட்சி அது.

என்னோடு வந்த நண்பர் சென்னையில் கல்லூரி நாட்களிலிருந்து ரக்பி ஆடியவர். வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனபின் ஆட்டத்தை விட்டுவிட்டார். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். போடியில் அவருக்கு அத்தை வீடு. அத்தை மகன் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் கபடி அணி நடத்துகிறார். "அந்தப் பையன்க பிடிக்கிறத நீங்க ஒரு தடவை பாக்கணும். ரக்பியில தடுக்கிறவனுக்கு என்ன சட்டம்னு அங்க வெச்சுச் சொன்னா உடனே புரியும்" என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொலைக்காட்சியில் ரக்பி பார்க்கும் பலருக்கும் வரும் குழப்பம் எனக்கும் உண்டு. பந்தோடு ஓடுகிறவனைச் சாய்க்கிறார்கள், ஆட்கள் மேலே வந்து குவிகிறார்கள், திடீரென்று விசில், ஒரு பக்கத்துக்குப் பெனால்டி. எதற்கு என்று பல நேரம் விளங்குவதில்லை. இந்த இடத்துக்கு ரக்பிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பிரேக்டவுன். ஓடுகிறவன் விழுந்த நொடியிலிருந்து பந்து மறுபடி வெளியே வரும்வரை நடக்கிற அத்தனையும் அதற்குள் அடக்கம். ஆட்டம் அங்கேதான் கை மாறுகிறது.

அத்தை வீட்டுத் தெருவிலேயே ஏலக்காய் வாசம் தொடங்கிவிட்டது. போடியில் இது தெருவுக்குத் தெரு உண்டு. கதவு திறந்திருந்த கிடங்கு ஒன்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சல்லடையில் சலித்து அளவு வாரியாகப் பிரிந்த காயை மறுபடி கையால் பார்க்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்த பச்சைக் காய்க்குத்தான் மதிப்பு. வாய் பிளந்தது, வெளுத்தது, சொத்தை எல்லாம் தனித்தனிக் குவியல். ஒரு அம்மாவின் விரல்கள் தட்டில் ஓடிய வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை. பேசிக்கொண்டே, தட்டைப் பாராமலே, பிளந்த காயை ஒதுக்கினார். இந்தக் காய்தான் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்குப் போகிறது. அந்த மின்னணு ஏலத்துக்கு மையங்கள் இரண்டு. ஒன்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புற்றடி, இன்னொன்று இந்தப் போடி.

மறுநாள் விடியலில் மலை ஏறினோம். அந்த நேரத்தில் போடியிலிருந்து புறப்படும் ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். தூக்குவாளியும் ஸ்வெட்டருமாகத் தினமும் மலை ஏறித் தோட்ட வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர்கள். முந்தல் சோதனைச் சாவடியில் வழி பிரிகிறது. ஒன்று குரங்கணிக்கு, மற்றது 17 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் போடிமெட்டுக்கு. வளைவு ஏற ஏறக் கீழே தேனிச் சமவெளி விரிகிறது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கண்மாய்களில் மின்னும் தண்ணீர். நாலாயிரம் அடிக்கு மேலே போடிமெட்டில் வெயில் குளிர்ந்துவிடுகிறது. மாநில எல்லையும் அங்கேதான்.

எல்லையைத் தாண்டியதும் ஏலத் தோட்டம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடி. ஆனால் காய் உயரத்தில் இல்லை. தூரிலிருந்து கிளம்பும் பூங்கொத்து தரையோடு படர்கிறது, காய் அதில்தான் பிடிக்கிறது. பறிக்கிறவர் தூரடியில் குத்தவைத்து உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். பழுக்க விட்டால் வெடிக்கும், பிஞ்சில் எடுத்தால் சுருங்கும். நாலைந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். நாள் முழுக்கக் குத்தவைத்தே நகரும் வேலை இது. சமையலறையில் அஞ்சறைப்பெட்டியைத் திறக்கும்போது இந்த முழங்கால்களை நாம் நினைப்பதில்லை.

இறங்கும் வழியில் குரங்கணிப் பக்கமும் போனோம். மூணாறுத் தேயிலையின் பழைய பாதை அது. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயில் ஓடியது. 1908லிருந்து ஓடிய அந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கின. அங்கிருந்து போடி, பிறகு தூத்துக்குடி, பிறகு கப்பல். ரக்பி நம் பக்கம் வந்ததும் இப்படி ஏறி இறங்கிய தோட்டத் துரைமார்களோடும் பட்டாளத்தோடும்தான். கல்கத்தாவில் 1872 கிறிஸ்துமஸ் அன்றே ஆடினார்கள். அங்கே அமைத்த கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிடிகள் நாகம், மூடியில் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879லிருந்து இன்றுவரை அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன.

இலங்கை மலையகத்தில் இந்த ஆட்டம் இன்னும் ஆழமாக வேர் பிடித்தது. டிக்கோயா, திம்புள்ள, ஊவா என்று தோட்டக்காரர்களின் கிளப்புகள் இருந்தன. கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் 1945லிருந்து பிராட்பி கேடயத்துக்காக ஆடுகின்றன. நாடே அந்த ஆட்டத்தைப் பார்க்கிறது. அந்த மலையக மைதானங்களைச் சுற்றியிருந்த லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள் மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து போன நம் மக்கள். பந்து அவர்கள் கைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. போடிப் பக்கம் அந்தப் பந்து இறங்கவே இல்லை. இங்கே பிள்ளைகள் கையில் இருப்பது சடுகுடு.

சாயங்காலம் கபடி மைதானத்துக்குப் போனோம். மைதானம் என்றால் ஊர்ப் பொதுநிலம். செம்மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மேற்கே மலை வெயிலை மறைத்துவிட்டதால் சீக்கிரமே நிழல். ஒரு பக்கம் பையன்கள், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள்.

பாடி வந்தவன் ஒல்லியான பையன். முப்பது வினாடிக்குள் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இடது மூலையில் நின்றவன் அசையவே இல்லை. பாடுகிறவனின் முன்கால் ஒரு அடி அதிகம் வந்ததும் குனிந்தான், இரண்டு கையும் கணுக்காலில் பூட்டின. கண் இமைப்பதற்குள் பக்கத்திலிருந்தவன் தொடையில் விழுந்தான், மூன்றாமவன் இடுப்பில். பாடி வந்தவன் தரையில் கிடந்தபடியே கையை நீட்டி நடுக்கோட்டைத் தேடினான். நாலு விரல் தூரம். கணுக்காலைப் பிடித்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னுக்கு இழுத்தான். விசில் ஊதும்வரை அந்தப் பூட்டு அவிழவில்லை.

நண்பர் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா? இவ்வளவு தாழ்வா, இவ்வளவு சுத்தமா ரக்பியில பிடிக்கச் சொல்லிக்குடுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆகும். இவங்களுக்கு அது தானா வருது. ஆனா இப்படியே ரக்பி ஆடினா, ஒவ்வொரு பிடிக்கும் இவங்க பெனால்டி குடுப்பாங்க."

ஏன் என்பதைப் பயிற்சி முடிந்தபின் காட்டினார். பையிலிருந்து ரக்பி பந்தை எடுத்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒல்லிப் பையனிடம் பந்தைக் கொடுத்து மெதுவாக ஓடி வரச் சொன்னார். மூலைக்காரன் பிடித்தான், இரண்டு பேரும் மண்ணில் சாய்ந்தார்கள்.

"இப்ப விட்டுடு தம்பி."

"விட்டா எந்திரிச்சு ஓடிருவாண்ணே!"

"ஓடக் கூடாது. விழுந்தவன் உடனே பந்த விடணும். அது அவனுக்குச் சட்டம். பிடிச்சவன் உடனே ஆள விடணும். இது உனக்குச் சட்டம்."

"அப்ப எதுக்குண்ணே பிடிக்கணும்?"

"கபடில ஆள் சிக்குனாப் போதும், பாயிண்டு. இங்க ஆள் சிக்கி ஒண்ணும் ஆகாது. பந்து கிடைக்கணும்."

சட்டம் அந்தச் செம்மண்ணில் எனக்குத் தெளிவானது. ரக்பியில் டேக்கிள் என்பதற்கு இரண்டு நிபந்தனை: பந்து வைத்திருப்பவனை எதிராளி பிடித்திருக்க வேண்டும், அவன் தரைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு முழங்கால் மண்ணில் பட்டாலே தரைக்கு வந்ததாகக் கணக்கு. பிடிக்காமல் அவனாகத் தடுக்கி விழுந்தால் அது டேக்கிள் இல்லை. பிடித்தும் விழாமல் நின்றால் அதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்த நொடியில் தடுப்பவர்கள் மூன்று வகை ஆகிறார்கள். மூவருக்கும் மூன்று விதமான கடமை.

முதலாமவன், பிடித்துக்கொண்டு தானும் விழுந்தவன். உடனே பிடியை விட வேண்டும். உடனே உருண்டு விலக வேண்டும், அல்லது எழுந்துவிட வேண்டும். படுத்தபடி பந்தைத் தொடக் கூடாது. விழுந்தவன் பந்தை வைக்கவோ தள்ளவோ தடையாகக் கிடக்கவும் கூடாது. எழுந்து காலில் நின்ற பிறகு பந்தில் கை வைக்கலாம், அதுவும் தன் கோல் கோட்டுப் பக்கமிருந்து வந்து. 2017க்கு முன்பு பிடித்தவனுக்கு ஒரு சலுகை இருந்தது: எழுந்துவிட்டால் எந்தத் திசையிலிருந்தும் பந்தை எடுக்கலாம். அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாமவன், பிடிக்க உதவி செய்து தான் விழாமல் நிற்பவன். கபடியில் தொடையில் பாய்கிறவனுக்கு நிகரான ஆள். இவனுக்குத்தான் பெரிய சோதனை. நின்றுகொண்டிருக்கிறான், கை ஏற்கெனவே எதிராளி மேல் இருக்கிறது, பந்து கண்ணெதிரே. அப்படியே பிடுங்கிவிடலாம் என்று தோன்றும். சட்டம் ஒப்புவதில்லை. ஒரு கணம் ஆளையும் பந்தையும் முழுக்க விட வேண்டும். இரண்டு உடம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். அதன்பிறகு குனிந்து பந்தை எடுக்கலாம். நண்பர் இதைச் செய்து காட்டும்போது இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கினார். "நடுவர் பாக்கணும்னு இல்ல, ஆனா பாத்தா நல்லது. கை மேல போச்சுன்னா விட்டுட்டேன்னு அர்த்தம்." பிள்ளைகள் எல்லோரும் கையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

மூன்றாமவன், பின்னால் வந்து சேர்கிறவன். இவனுக்காக நண்பர் ஒரு குச்சியால் மண்ணில் கட்டம் போட்டார். விழுந்து கிடக்கும் இருவரின் உடம்பு எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அவ்வளவுதான் வாசல். தன் பக்கத்திலிருந்து அந்த வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். பக்கவாட்டில் புகுந்தால் பெனால்டி. நுழைந்தவன் தன் கால் பலத்தில் நிற்க வேண்டும். கீழே கிடப்பவன் மேல் கையையோ முழங்காலையோ ஊன்றிச் சாய்ந்துகொண்டு பந்தைத் தேடக் கூடாது. பந்துக்காகக் குனிந்தவன் நிற்கிறானா சரிந்துவிட்டானா என்பதைத்தான் நடுவர் உற்றுப் பார்க்கிறார்.

எதிரணி ஆளும் வந்து நின்றவாக்கில் மோதிவிட்டால் ரக் ஆகிவிடுகிறது. அதன்பிறகு யாரும் பந்தில் கை வைக்கக் கூடாது. ஒரே விலக்கு: ரக் ஆவதற்கு முன்பே முறையாகக் கை வைத்து, சரியாமல் நிற்பவன் அதைத் தொடரலாம். அப்போதும் கீழே கிடப்பவன் பந்தை விடாவிட்டால் தப்பு கிடப்பவன் பக்கம் போகிறது. தடுக்கிற அணிக்குப் பெனால்டி. ஒரு அணி பந்தைப் பறிக்கும் நேர்வழி இதுதான், அரை நொடிக்குள் முடிகிற வேலை.

பெண்பிள்ளைகளில் ஒருத்தி கேட்ட கேள்வி எல்லாவற்றிலும் கூர்மையாக இருந்தது. "அண்ணே, நான் பிடிச்சேன், நானும் விழுந்துட்டேன். எம் மேல அவங்க ஆளுக நாலு பேரு விழுந்து கெடந்தா நான் எப்படிண்ணே உருண்டு போறது?"

நண்பர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நல்லாக் கேட்டம்மா. விலகப் பாக்குறியா, வேணும்னே கெடக்குறியான்னு நடுவர் பாப்பாரு. அதனாலதான் விழும்போதே பந்துக்கு அந்தப் பக்கம் விழாம, ஓரமா விழப் பழகணும். விழுந்த அப்புறம் யோசிச்சா நேரம் பத்தாது."

ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேச்சில் சேர்ந்தார். "நம்ம மாடுபிடில வாலப் பிடிச்சாத் தூக்கிருவாங்கல்ல, அது மாதிரிதானப்பா?" அவர் சொன்னது பொருத்தமானது. ஐயம்பட்டி, பல்லவராயன்பட்டி என்று இந்த மாவட்டத்தில் ஜல்லிக்கட்டுக்குப் பெயர் போன ஊர்கள் உண்டு. திமிலை மட்டும்தான் தழுவ வேண்டும். கொம்பையோ வாலையோ பிடித்தால் ஆள் வெளியே. மூன்று துள்ளல் தாங்கினால், அல்லது குறித்த தூரம் கூடவே ஓடினால் வெற்றி. அதன்பின் மாட்டை விட்டுவிட வேண்டும். கபடியிலும் கை, கால், உடம்பைத் தவிர வேறெங்கும் பிடிக்கக் கூடாது. தலைமுடியைப் பிடித்தாலோ வாயைப் பொத்தினாலோ பாடி வந்தவனுக்கே சாதகம். எங்கே பிடிக்கலாம் என்ற வரையறை இந்த மண்ணுக்குப் பழக்கமானது. பிடித்த பிறகு எப்போது விடுவது என்பதில்தான் ரக்பி கபடியிலிருந்து முற்றிலும் விலகிப் போகிறது.

மற்றொரு வேறுபாட்டையும் அன்றே நண்பர் எச்சரித்தார். கபடியில் கோட்டோரம் வந்தவனைத் தோளால் மோதி வெளியே அனுப்பும் டேஷ் பிள்ளைகளுக்கு மிகப் பிரியமான ஆட்டம். ரக்பியில் கையால் அணைக்காமல் தோளை மட்டும் கொடுத்து இடித்தால் அது அபாய ஆட்டம். தோள் கோட்டுக்கு மேலே பிடிப்பதும் அப்படித்தான். மூளை அதிர்ச்சிக் காயங்களைப் பார்த்துப் பயந்து, 2023ல் பல நாடுகளில் கீழ்மட்ட ஆட்டங்களில் பிடியை மார்பெலும்புக்குக் கீழே இறக்கிச் சோதிக்கத் தொடங்கினார்கள். பிரான்ஸ் அதற்கும் முன்பே 2019ல் இடுப்பு மட்டத்துக்கு இறக்கியது. கணுக்காலும் தொடையும் பிடித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது அனுகூலம்.

பிடிபட்டவனைக் காக்கிற சட்டம் மட்டுமே பிரேக்டவுனில் போதாது என்பதற்கு நண்பரின் முழங்காலே சாட்சி. பந்துக்காகக் குனிந்து நிற்கிற தடுப்பாளன் மைதானத்திலேயே மிகவும் ஆபத்தான நிலையில் இருப்பவன். கால் அகட்டி ஊன்றியிருக்கிறான், தலை தாழ்ந்திருக்கிறது, வருகிறவனை அவனால் பார்க்க முடியாது. அவனைக் கட்டிப்பிடித்துப் பக்கவாட்டில் முறுக்கிப் புரட்டினால் மொத்த எடையும் ஊன்றிய காலின் மேல் வந்து விழும். முதலை இரையைப் புரட்டுவதுபோல என்று இதற்குப் பெயர். நண்பரின் முழங்காலுக்குள் கயிறாக இருக்கும் தசைநார் அப்படித்தான் அறுந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கித் தழும்பைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். முட்டியின் நடுவே விரல் நீளத்துக்கு வெளுத்த கோடு. 2024 ஜூலை 1 முதல் உலக ரக்பி அமைப்பு அந்தப் புரட்டலைத் தடை செய்துவிட்டது. "எனக்கு லேட்டு" என்றார். யாரும் பேசவில்லை.

ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை இங்கே எழுதியாக வேண்டும். சட்டத்தின் ஒரு சொல் எவ்வளவு தூரம் ஆட்டத்தை மாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2017 பிப்ரவரி 26, லண்டன் டிவிக்கனம் மைதானம், இங்கிலாந்தும் இத்தாலியும். அன்றைய சட்டப்படி டேக்கிளுக்கு ஆஃப்சைடு கோடு, அதாவது மற்றவர்கள் தாண்டி நிற்கக் கூடாத எல்லை, கிடையாது. ரக் ஆனால்தான் கோடு. ரக் ஆக இரண்டு அணியிலும் ஒருவராவது நின்று மோத வேண்டும். இத்தாலியின் பயிற்சியாளர் கானர் ஓ'ஷே இதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் இங்கிலாந்துக்காரனைச் சாய்த்தார்கள், விட்டார்கள், அதோடு நின்றுகொண்டார்கள். மோத ஆள் அனுப்பவில்லை. மோதல் இல்லை, ரக் இல்லை, கோடும் இல்லை. மற்ற இத்தாலியர்கள் பந்தைச் சுற்றிக்கொண்டு இங்கிலாந்துப் பக்கம் போய், பந்துக்கும் அதை வாங்க வேண்டியவனுக்கும் நடுவே நின்றார்கள். எல்லாம் சட்டப்படி. இங்கிலாந்துக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நடுவர் ரோமன் ப்வாத்திடமே போய்க் கேட்டார்கள். நான் உங்கள் பயிற்சியாளர் அல்ல என்கிற பொருளில் அவர் பதில் சொன்னார். இடைவேளையில் இத்தாலி 10-5 என்று முன்னால் இருந்தது. பிறகு இங்கிலாந்து விடை கண்டுபிடித்து 36-15 என்று ஜெயித்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் சோதனை விதி வந்தது, பின்பு நிரந்தரமானது: தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே ஒரே ஒருவன் நின்றாலும், எந்த அணிக்காரனாக இருந்தாலும், ஆஃப்சைடு கோடு உருவாகிவிடும். டேக்கிளில் உள்ளவர்களில் கடைசியாக இருப்பவனின் பின்னோரம்தான் மற்ற எல்லோருக்கும் எல்லை. இத்தாலியின் கூர்மையை நான் மதிக்கிறேன். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்தான் அப்படி ஆட முடியும். ஆனால் கோட்டைக் கொண்டுவந்ததே சரி என்பது என் தீர்மானம். விழுந்தவன் பந்தை விட்டாக வேண்டும் என்று கட்டாயப்படுத்திவிட்டு, விட்ட பந்தை வாங்க வருகிறவனை எதிராளி சூழ்ந்து நிற்க விடுவது நியாயமில்லை.

தமிழ்நாட்டில் ரக்பி நெடுங்காலம் சென்னையின் கிளப் மைதானங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது கொஞ்சம் வெளியே தெரிகிறது. 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையை வென்றது சென்னை புல்ஸ் அணி. ஆடியது எழுவர் ரக்பி, ஒலிம்பிக்கில் 2016லிருந்து இருக்கிற வடிவம். வழக்கமாகப் பாதிக்கு ஏழு நிமிடம், பெரிய மைதானம், கபடியைப் போலவே பக்கத்துக்கு ஏழு பேர். ஆள் குறைவு என்பதால் பிரேக்டவுனுக்கு ஒருவர் இருவர்தான் வர முடியும். பிடித்தவன் விட்டு எழுந்து தானே பந்தைப் பறிக்க வேண்டியிருக்கும். விழுந்து எழும் வேகம் மூலைக்கார கபடிப் பிள்ளைகளிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தச் செம்மண்ணில் பார்த்தேன். மறுநாள் சாயங்காலமும் அவர்கள் பந்தைக் கேட்டு வந்தார்கள். ஒல்லிப் பையன் சாய்ந்ததும் மூலைக்காரன் கை இரண்டையும் உயர்த்தினான், எழுந்தான், சுற்றி வந்து தன் பக்கத்திலிருந்து குனிந்தான். பந்து அவன் கையில் இருந்தது. நண்பர் ஊதிய விசில் இந்த முறை பாராட்டுக்கு.

தேனி மாவட்டத்துப் பள்ளிகளிலும் மற்ற மாவட்டங்களிலும் இருக்கிற உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கபடி ஆடும் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு ரக்பி பந்தைக் கொடுங்கள். ஆனால் ஓடவிட்டு மோத விடுவதற்கு முன், முழங்காலிட்ட நிலையில் பிடிக்கவும், பிடித்து விழுந்ததும் விடவும், உருண்டு விலகி எழுந்து தன் பக்கமாக வரவும் பழக்குங்கள். பிடி இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். குனிந்து நிற்பவனை யாரும் புரட்ட விடாதீர்கள். உலக ரக்பி அமைப்பின் விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டேக்கிள் பற்றிய 14ஆம் விதி சில பக்கங்கள்தான். முதலில் அதைப் படித்துவிட்டு மைதானத்தில் இறங்குங்கள்.